கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கும் தேத்தாங்கொட்டை: ‘ஃப்ளாக்குலேஷன்’ என்றால் என்ன?

மழை பெய்தால் செம்மண் பூமியில் ஊருணித் தண்ணீர் செக்கச்செவேல்னு ஆகிடும். நாட்டரசன்கோட்டை இருக்கும் செட்டிநாட்டுப் பக்கம் மட்டுமில்ல, தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த வைத்தியம் தேத்தாங்கொட்டை. பானையின் உட்புறம் தேய்த்துத் தண்ணீர் ஊற்றி வைத்தால் கலங்கல் அடியில் படியும். கலித்தொகையிலேயே இந்தச் செய்தி இருக்கு.

தானா ஏன் படியாது?

களிமண் துகள்கள் 0.002 மி.மீ.க்கும் சிறியவை. பரப்பில் எதிர்மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். இதுதான் கூழ்மம், அதாவது ‘கொலாய்டு’. 1861-ல் வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் வைத்த பெயர். கிரேக்கத்தில் ‘கொல்லா’ என்றால் பசை, தமிழில் கூழ்!

கொட்டை என்ன செய்யுது?

அதிலுள்ள நீண்ட மூலக்கூறுகள் துகள்களைச் சேர்த்துக் கட்டுகின்றன. திரண்டதும் எடை கூடி கீழே இறங்கும். இதுவே ஃப்ளாக்குலேஷன், தமிழில் திரளல். லத்தீனில் ‘ஃப்ளாக்கஸ்’ என்றால் கம்பளிப் பிசிறு. திரளும் மண்ணும் அப்படித்தான் இருக்கும்.

வயலிலும் இதே சொல்தான். களித்துகள் திரண்டால் மண் பொலபொலன்னு இருக்கும், தண்ணீர் இறங்கும். சோடியம் மிகுந்தால் திரள் உடைந்து மண் இறுகும். களர் நிலத்துக்கு ஜிப்சம் போடுவது அதனால்தான்.

கவனம்: தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மிச்சம் இருக்கலாம். கொதிக்க வைத்த பிறகே குடிக்கணும்.