படச்சுருளில் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

'படச்சுருளில் வெளிச்சம் பட்ட இடம் வெள்ளையாகும், படாத இடம் கறுப்பாகும்.' விடைத்தாளில் மாணவர்கள் பலர் இப்படி எழுதிவிடுகிறார்கள். படிக்கும்போது சரி மாதிரிதான் இருக்கும். ஆனால், நடப்பது நேர் எதிர்.

வீட்டில் பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவ் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தாத்தாவின் வெள்ளை வேட்டி கறுப்பாகவும் கருங்கூந்தல் வெளுத்தும் தெரியும். ஏன்?

பிலிம் என்பது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டைதான். அதன்மேல் பூசிய ஜெலட்டினுக்குள் வெள்ளி புரோமைடு போன்ற வெள்ளி உப்புகளின் நுண்ணிய படிகங்கள் சிதறிக் கிடக்கும். ஒளி பட்டதும் படிகத்தில் உள்ள சில வெள்ளி அயனிகள் எலெக்ட்ரானைப் பெற்று வெள்ளி அணுக்களாகிவிடும். நாலைந்து அணுக்கள் ஓரிடத்தில் சேர்ந்தாலே போதும். படம் பதிந்துவிட்டது, ஆனால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது! இதுதான் மறைபடிமம். மாணவர்கள் விட்டுவிடும் படியும் இதுதான்.

அடுத்து டெவலப்பர் திரவம். அந்த நாலைந்து அணுக்கள் உள்ள படிகங்களை மட்டும் அது முழுமையாக வெள்ளி உலோகமாக மாற்றும். "வெள்ளின்னா பளபளன்னுதானே சார் இருக்கும்?" என்று வகுப்பில் கேட்பார்கள். நல்ல கேள்வி. பொடிப்பொடியான வெள்ளி ஒளியை விழுங்கிவிடும். அதனால் கறுப்பாகத் தெரிகிறது.

சரி, ஒளி படாத படிகங்கள்? அவற்றை அப்படியே விட்டால், வெளியே எடுத்ததும் மெல்ல மெல்லக் கறுத்துப் படத்தையே அழித்துவிடும். தாமஸ் வெட்ஜ்வுட்டுக்கு இதே சிக்கல்தான். அவர் எடுத்த பதிவுகளைப் பற்றி 1802-இல் கட்டுரை வெளிவந்தது. அவற்றை நிழலிலோ மெழுகுவர்த்தி வெளிச்சத்திலோதான் பார்க்க முடிந்தது. ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டு வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819-இல் கண்டறிந்தார். படத்தை நிலைநிறுத்த அது பயன்பட்டதோ 1839-இல்தான். இருபது ஆண்டுகள் விடை கையிலேயே இருந்திருக்கிறது!

இன்னொன்று. சினிமாவில் வரும் இருட்டறைச் சிவப்பு விளக்கை நம்பி எழுதிவிடாதீர்கள். அது கறுப்பு வெள்ளைப் படத்தாளில் அச்சிடும்போது மட்டும்தான். இன்று கிடைக்கும் பெரும்பாலான பிலிம்களில் சிவப்பு ஒளியும் பதியும். டெவலப்பர் தொட்டிக்குள் போட்டு மூடும்வரை கும்மிருட்டுதான் வேண்டும்.

வகுப்பில் காட்ட எளிய வழி: கைப்பேசித் திரையை வெள்ளையாக்கி, அதன்மேல் நெகட்டிவை வையுங்கள். இன்னொரு கைப்பேசியில் படமெடுத்து நிறங்களைத் தலைகீழாக்குங்கள். தாத்தாவின் வேட்டி வெள்ளையாகிவிடும்.