மேசை ரம்பத்தின் முன் மீண்டும் நிற்பதற்கு முன்

கை அறுவை சிகிச்சைப் பிரிவில் தச்சுத் தொழிலாளி ஒருவருக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி கேட்டார்: "ஐயா, இவர் திரும்பவும் அந்த மெஷின் பக்கம் போகலாமா?" கணவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். சுட்டுவிரலின் நுனி இல்லை. நடுவிரல் சரியாக மடங்க இன்னும் சில மாதப் பயிற்சி வேண்டும். வீட்டில் வேறு வருமானம் கிடையாது. போகவே கூடாது என்று சொல்வது மருத்துவருக்கு எளிது. அந்தக் குடும்பத்துக்கு அது பயன்படாது. எனவே அவரது மேசையை ஒரு தாளில் வரைந்து காட்டச் சொன்னேன்.

சிறு பட்டறைகளில் பரவலாகக் காணும் அமைப்புதான் அது. கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்பம் பிளைவுட் பலகையின் அடியில் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் சுவிட்ச் எப்போதும் அழுந்தியிருக்கும்படி கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது. மின்தடைக்குப் பின் மின்சாரம் திரும்பினால், மேசையில் கை இருக்கும்போதே பிளேடு சுழலத் தொடங்கிவிடும். கைக்கு எட்டும் தூரத்தில், மேசையின் முன்புறத்தில் தனிச் சுவிட்ச் வேண்டும். மின்சாரம் போன உடனே அதை அணைத்துவிட வேண்டும்.

பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 முறை சுழன்றால் அதன் பற்கள் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. கையை இழுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. விரல் நேராகப் பிளேடில் படுவதால் மட்டும் காயம் நேர்வதில்லை என்பதையும் அறிய வேண்டும். பிளேடின் முன்பகுதிப் பற்கள் கீழ்நோக்கியும், பின்பகுதிப் பற்கள் மேல்நோக்கியும் செல்கின்றன. அறுத்த பிளவு பின்னால் நெருங்கிப் பிளேடைப் பிடித்தால், மேலெழும் பற்கள் பலகையைத் தூக்கி, அறுப்பவரை நோக்கியே எறிகின்றன. பலகையை அழுத்திக்கொண்டிருந்த கை அந்த நொடியில் பிளேடின் மேல் விழுகிறது. என் நோயாளிக்கு நேர்ந்தது இதுவே.

இதைத் தடுப்பதற்காகவே பிளேடுக்குப் பின்னால் பிளவுக்குள் நிற்கும் ஒரு மெல்லிய தகடு இயந்திரத்துடன் வருகிறது. இடைஞ்சல் என்று பலர் கழற்றிப் போடுவதும் அதையே. மேல்மூடியும் அதனுடன் போய்விடுகிறது. இரண்டும் இருக்க வேண்டும். பலகை உரசிச் செல்லும் பக்கச்சட்டம் பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு பல்லில் குறியிட்டு, அதை முன்னும் பின்னும் நிறுத்திச் சட்டம் வரை அளக்கலாம். பின்புற அளவு ஒருபோதும் குறையக் கூடாது. பற்களின் இடைப்பள்ளம் மரத்தின் மேற்பரப்பைச் சற்றே தாண்டும் அளவுக்குப் பிளேடை உயர்த்தினால் போதும்.

அறுக்கும்போது பிளேடுக்கு நேர்பின்னால் நிற்காமல் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும். பிளேடுக்கு ஆறு அங்குலத்துக்குள் கை செல்ல வேண்டியிருந்தால் தள்ளுகட்டையைப் பயன்படுத்துங்கள். கையுறை பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பற்கள் அதைப் பற்றினால் கையையே உள்ளே இழுக்கும். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக்கை, மணிக்கட்டுக் கயிறு, மோதிரம் ஆகியவையும் வேண்டாம். கண்ணாடி அவசியம். சுவிட்சை அணைத்த பிறகும் பிளேடு சிறிது நேரம் சுழலும். அது நிற்கும்வரை துண்டுகளை எடுக்காதீர்கள்.

விரல் துண்டாகிவிட்டால் காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் பட்டால் திசுக்கள் கெட்டுவிடும். உண்ணவோ பருகவோ எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். 1965-இல் ஜப்பானில் துண்டான கட்டைவிரலை நுண் அறுவை சிகிச்சையால் முதன்முதலில் இணைத்தார்கள். இன்றும் அந்தச் சிகிச்சை பலன் தருவதற்கு, விரல் எங்களிடம் வந்து சேரும் நிலை மிக முக்கியம்.

வேலைக்குத் திரும்பும் நாளைக் காயம் ஆறிய தேதியை மட்டும் கொண்டு நான் முடிவு செய்வதில்லை. விரல் நுனியில் உணர்ச்சி இல்லாதவருக்குப் பலகை நழுவுவது தெரியாது. தூக்கம் வரவழைக்கும் வலி மாத்திரை உண்ணும் நாட்களில் இயந்திரத்தைத் தொடவே கூடாது. பிடியின் வலுவை இயன்முறை மருத்துவர் அளந்து சொல்லும்வரை பொறுக்கும்படி அந்தத் தம்பதியரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் தகடும் முன்புறச் சுவிட்சும் பொருத்தி, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது மேசையின் படத்தைக் கைபேசியில் கொண்டுவருவதாக மனைவி ஒப்புக்கொண்டார்.