அப்பத்தாவுக்கு எந்த போன் சரி?

தீபாவளிக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள், வயதான பெற்றோருக்கு டச் போன் வாங்கி வந்து கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பொங்கலுக்குள் அந்த போன் பேரன் கைக்குப் போய்விடும். அப்பத்தா பழையபடி பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘பெரியவனுக்கு ஒரு போன் போட்டுக் குடுப்பா’ என்று நிற்பார். களை வெட்டிக் காய்த்துப்போன விரலைக் கண்ணாடித் திரை பல நேரங்களில் உணர்வதே இல்லை. ஈரக்கையோடு தொட்டால் எங்கெங்கோ போய் நிற்கும். இதில் அப்பத்தாவின் குறை எதுவும் இல்லை.

தோட்டத்தில் தனியாக இருக்கும்போது வரப்பில் வழுக்கி விழுந்தாலோ, பூச்சி பொட்டு கடித்தாலோ, சுருக்குப்பையில் இருக்கிற போன்தான் முதல் துணை. அதனால், கடையில் எது மலிவு என்று மட்டும் பார்த்து வாங்குகிற பொருள் அல்ல இது.

முதலில் டவர்... பிறகு போன்!

வீட்டிலும் கிணற்று மேட்டிலும் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். பட்டன் போன்களில் 2ஜி, 4ஜி என்று இரண்டு வகை உண்டு. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. எனவே, 2ஜி போனில் ஜியோ சிம்மைப் போட்டால் பேச முடியாது. ஏர்டெல், வி.ஐ. சிம்கள் 2ஜி போனில் வேலை செய்யும். ஜியோபாரத் போன்ற சில 4ஜி போன்களில் அந்த நிறுவனத்தின் சிம்மை மட்டும்தான் போட முடியும். நாளைக்கு டவர் சரியில்லை என்று வேறு சிம்முக்கு மாற நினைத்தால், போனையும் மாற்ற வேண்டியிருக்கும். கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும், எல்லா சிம்மும் ஏற்கிற 4ஜி பட்டன் போன்தான் இன்றைக்கு நல்ல தேர்வு.

யாருக்கு வாங்குகிறோமோ, அவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். ‘அவருக்கு என்ன தெரியும்’ என்று விட்டுவிட்டுப் போவதில்தான் பாதிக் காசு வீணாகிறது. பட்டன்கள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, மேடாக இருக்க வேண்டும். எண்கள் பெரிதாக, கறுப்பில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிய வேண்டும். 5-ம் எண் பட்டன் மேல் சின்ன மேடு இருக்கிறதா என்று அவரையே தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இருட்டில் விரலுக்கு அதுதான் அடையாளம்.

காது விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. வயதாகும்போது கீச்சென்ற ஒலிதான் முதலில் கேட்காமல் போகும். கடைக்காரர் போட்டுக் காட்டுகிற கிணுகிணு ரிங்டோன் நமக்குத்தான் சத்தமாகக் கேட்கும். அவருக்குத் தவில், மேளம் மாதிரி கனத்த ஒலியை வைத்து, கூடவே அதிர்வையும் போட்டுவிட வேண்டும். கடையிலேயே ஒரு அழைப்பு போட்டு, தெருச் சத்தத்தில் நின்று பேசச் சொல்லிப் பாருங்கள். காதுக்கருவி வைத்திருப்பவர் என்றால், இரைச்சல் வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

டார்ச் அவசியம். மெனுவுக்குள் நுழைந்து தேட வைக்காமல், ஒரே பட்டனில் எரிய வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி இருப்பதும், அந்த பேட்டரி பக்கத்து ஊர்க் கடையிலேயே கிடைப்பதும் முக்கியம். கேமரா, பாட்டு எல்லாம் இருந்தால் இருக்கட்டும். அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது!

போனை வாங்கிக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. ஸ்பீடு டயலில் 2-க்கு மகன், 3-க்கு மகள், 4-க்குப் பக்கத்து வீடு என்று பதிந்து, அந்த பட்டன்களில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிட்டால், எழுத்துத் தெரியாதவர்கூட யார் உதவியும் இல்லாமல் பேசலாம். பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் 112 அவசர எண்ணுக்கு அழைப்பு போகும்படி ஏற்பாடு உண்டு. அதனால், அந்த இரண்டு பட்டன்களையும் வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம். இரண்டு சிம் போட்டால், ஒவ்வொரு முறையும் ‘எந்த சிம்?’ என்று போன் கேட்கும். பெரியவர்கள் அங்கேயே குழம்பிவிடுவார்கள். ஒரே சிம் போதும். மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள், அதற்குள் இருக்கும் சிம் எண்ணையும் ஒரு பட்டனில் பதிந்து கொடுத்தால், தாத்தா ராத்திரியில் தண்ணீர் பாய்ச்ச இருட்டில் கிணற்றுக்கு நடக்க வேண்டியதில்லை.

போன் மாறலாம், எண் மாறக் கூடாது. ஆதார், வங்கிக் கணக்கு, பி.எம். கிசான் என எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. புது சிம் இலவசமாகக் கிடைக்கிறது என்று மாற்றிவிட்டு, பிறகு ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்குவதைவிட, எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ரீசார்ஜ் விடுபட்டால் சில நாள்களில் வரும் அழைப்புகளும் நின்றுபோகும். பேச்சு, எஸ்.எம்.எஸ். மட்டும் உள்ள திட்டங்களையும் தர வேண்டும் என்று டிராய் அமைப்பு 2024 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகு, நிறுவனங்கள் அத்தகைய திட்டங்களைக் கொண்டுவந்திருக்கின்றன. பட்டன் போனுக்கு டேட்டா எதற்கு? நீண்ட நாள் வரும் பேச்சுத் திட்டமாகக் கேட்டுப் போட்டு, முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

‘பேங்கிலிருந்து பேசறோம், மெசேஜ்ல வந்த நம்பரைச் சொல்லுங்க’ என்று வரும் அழைப்பு பட்டன் போனையும் விடுவதில்லை. யார் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லக் கூடாது என்பதை நாலைந்து முறையாவது சொல்லி வைக்க வேண்டும். பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930-க்குப் புகார் சொல்லலாம். சில போன்களில், பதிந்த எண்களைத் தவிர மற்றவற்றைத் தடுக்கும் வசதி இருக்கிறது. ஆனால், ஆஸ்பத்திரியில் இருந்து வரும் அழைப்பும் அதில் நின்றுபோகும் என்பதை யோசித்துவிட்டுப் போடுங்கள்.

பேத்தியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘இந்த வயசுல எதுக்கு?’ என்று தட்டிக் கழிக்க வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டச் போனில் வேறொரு சிம்மைப் போட்டு, வேண்டாத செயலிகளை எல்லாம் எடுத்துவிட்டு, வீடியோ பேச மட்டும் வைத்துக் கொடுக்கலாம். ஆதாரும் வங்கியும் இணைந்த சிம், சுருக்குப்பையில் இருக்கும் பட்டன் போனிலேயே இருக்கட்டும்.