வைத்தியக் கல்வியும் தாய்மொழியும்

உடல்நலத் துறைகளைப் பட்டப் படிப்பாகப் பயிலப் புகும் மாணவன் முதற்கண் எதிர்ப்படுவது நோயாளியையன்று, சொற்களையே. எம்.பி.பி.எஸ். வகுப்பின் தொடக்கத்தில் உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்னும் மூன்று பாடங்களும் அவனை எதிர்கொள்ளுகின்றன. எலும்பிற்கொரு பெயர், அதன்மேலுள்ள மேட்டிற்கொரு பெயர், பள்ளத்திற்கொரு பெயர் என ஆயிரக்கணக்கில் வரும் அப்பெயர்களுட் பெரும்பாலன இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பிறந்து ஆங்கிலத்தின் வாயிலாக நம்மிடம் வந்தவை. நான்காண்டுச் செவிலியர் பட்டப் படிப்பின் தொடக்கமும் ஏறக்குறைய இத்தகையதே. தமிழ் ஆனர்ஸ் பயில்வானுக்கு இதில் என்ன வழக்கு எனச் சிலர் வினவக்கூடும். அப்பெயர்களைக் கற்றுத் தேர்ந்தவர் நாளை நிற்கப்போவது தமிழ் பேசும் நோயாளியின் கட்டிலருகிலன்றோ? அங்கே வழக்கு நமக்கும் உண்டு.

நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வழக்கை எடுத்துக்கொண்டு போராடியவர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில் 1822இல் பிறந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார், அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் போந்து, மறு ஆண்டிலேயே மாணவர்க்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். அவர் பணிக்கு மானிப்பாய் நிலைக்களமாயிற்று. தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்திலேயே நடந்தது. கற்றுத் தேர்ந்தோர் அரசாங்க உத்தியோகத்தையும் பட்டணத்தையும் நாடிச் சென்றனர். வைத்தியரின்றி வாடிய கிராமங்கள் முன்போலவே வாடின. இடையிற் சில ஆண்டுகள் தாய்நாடு சென்றிருந்து 1862இல் மீண்டு வந்த கிறீன், இனித் தமிழிலேயே கற்பித்தல் வேண்டுமெனத் துணிந்தார். தமிழிற் கற்றவன் தன் ஊராரிடையே தங்குவான் என்பது அவர் எண்ணம். இது மொழிப்பற்றன்று. பிறமொழியாளரான அவருக்குத் தமிழ்ப்பற்று வேண்டுமென்பதும் இல்லை. ஊருக்கு வைத்தியர் கிடைப்பதற்கு வழி எதுவோ அதனையே அவர் நாடினார்.

கற்பிக்க நூல் வேண்டுமே! தம் மாணவர்களையே துணையாகக் கொண்டு அவர் மொழிபெயர்க்கலானார். பிரசவ வைத்தியம் முன்னரே 1857இல் வெளிவந்திருந்தது. இரண வைத்தியம் 1867இல் வந்தது. இலண்டனில் 1858இல் முதன்முதல் வெளியான கிரே என்பாரின் உடற்கூற்று நூல், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயருடன் 1872இல் தமிழாயிற்று. இடையிற் கழிந்தவை பதினான்கு ஆண்டுகளே என்பதை நண்பர்கள் நினைவிற் கொள்க. கிறீன் 1873இல் இலங்கையை விட்டகன்ற பின்னரும், அமெரிக்காவிலிருந்தவாறே 1884இல் இறக்குமளவும் இப்பணியைக் கைவிட்டாரல்லர்.

அவர் ஆண்ட சொற்கள் தமிழ் மாணவனுக்குப் பெருவிருந்து. உடற்கூற்று நூலை அங்காதிபாதம் என்றார். கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் பிரபந்த வகைகளை அறிந்தார்க்கு இச்சொல் பழகிய ஓசையுடையதாகவே இருக்கும். புலவன் தலைமுதல் அடியீறாகப் புனைந்துரைத்த உடலை வைத்தியன் அறுத்துக் காண்கின்றான், அவ்வளவே. உடல் இயங்கும் இயல்பைக் கூறும் நூலைச் சுகரணம் என்றும், நலம் பேணும் முறையை உற்பாலனம் என்றும் வழங்கினார். ஆனால் இரசாயன நூலுக்கோ ‘கெமிஸ்தம்’ என ஆங்கிலச் சொல்லையே தமிழ் உருவில் நிறுத்தினார். ஓரிடத்தில் ஆக்கியும் ஓரிடத்தில் ஏற்றும் சென்ற இந்நடுவழியை யான் பெரிதும் மதிக்கின்றேன். எல்லாம் ஆக்குவேன் என்பான் நூலை முடிப்பதில்லை; எல்லாம் ஏற்பேன் என்பான் மொழிபெயர்ப்பதேயில்லை. மத்தியப் பிரதேசத்தில் 2022இல் முதலாண்டு வைத்திய நூல்கள் இந்தியில் வெளியிடப்பட்டபொழுதும், கலைச்சொற்கள் பலவும் ஆங்கில ஒலியிலேயே தேவநாகரி எழுத்தில் அமைந்தமை பற்றிப் பூசல் விளைந்தது. பழைய கேள்வி தீர்ந்தபாடில்லை.

கிறீனுடைய சொற்கள் இன்று வழக்கில் இல்லை. கொழும்பில் 1870இல் தோன்றிய வைத்தியப் பள்ளி ஆங்கிலத்திற் கற்பித்தது. அரசாங்கப் பதவிக்கு ஆங்கிலமே வாயிலாயிற்று. தமிழ் வகுப்பு ஒடுங்க, அச்சொற்களை நாவில் ஏந்துவாரும் ஒழிந்தனர். அவை பிழையான சொற்கள் என்பதனால் மறைந்தனவல்ல. சுகரணம் என்பதில் என்ன குறை? சொல்லுவார் இலராயினர்.

நிற்க. படிப்பு முழுவதும் தமிழிலேயே நிகழ்தல் வேண்டுமென்று வாதிப்பது என் கருத்தன்று. புதிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வெளிவருங்காறும் வைத்திய மாணவனுக்கு அம்மொழி இன்றியமையாதது. யான் கூற வந்தது வேறு. ஆங்கிலத்திற் கற்கும் மாணவன் நோயைப் பற்றிக் கேட்கப்போவது தமிழில், அத்தமிழும் நூல்தமிழன்று.

நோவு என்னும் ஒன்றற்கு நம் மக்களிடம் எத்துணைச் சொற்கள்! குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், இசிவு. ‘விண்விண் என்று தெறிக்கிறது’, ‘முறுக்கிப் பிடிக்கிறது’, ‘பிசைகிறது’. இவை ஒருபொருட் பன்மொழியல்ல. தெறித்தல் சீழ் கொண்ட கட்டிற்கு உரியது, முறுக்குதல் குடலுக்கு, கடுப்பு நீர்த்தாரைக்கும் மலவாய்க்கும். ‘நெஞ்சு கரிக்கிறது’ என்பாளும் ‘நெஞ்சை அழுத்துகிறது’ என்பாளும் ஒன்றனைக் கூறவில்லை. மாரடைப்பும் சிலர்க்கு நெஞ்செரிச்சலாகவே தோன்றுமாதலின் சொல்லொன்றையே நம்பிவிடுதலும் ஆகாது. ‘மயக்கம்’ என்பதோ இன்னும் வழுக்கலானது: தலை சுழலுதலும் மயக்கம், கண் இருளுதலும் மயக்கம், நினைவிழந்து வீழ்தலும் மயக்கம். மூன்றிற்கும் காரணம் வேறு, மருந்து வேறு. மறித்து வினவாத மாணவன் தன் ஏட்டில் எதனை எழுதுவான்?

நோயாளியை இடருட்படுத்தும் சொல்லும் உண்டு. இரத்த அழுத்த மிகுதியை நாம் இரத்தக் கொதிப்பு என்கிறோம். கொதிப்பது எதுவும் தன்னை உணர்த்தாமல் இராது என்பது உலக அனுபவம். இந்நோயோ பெரும்பாலும் யாதோர் உணர்ச்சியும் தாராது பல்லாண்டு உள்ளிருந்து, பின்னர் மூளையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கவல்லது. ‘எனக்குக் கொதிப்பு ஒன்றும் தெரியவில்லையே’ என்று மாத்திரையை நிறுத்திவிடும் முதியவர் தம் மொழியின் நெறிப்படியே நடக்கின்றார். ஆங்கிலத்தில் அந்நோயின் இலக்கணத்தை ஒப்புவித்து முதல் வகுப்பிற் தேறிய மாணவன், அவரிடம் அதனைத் தமிழில் விளக்க ஒரு வாக்கியமேனும் வைத்திருத்தல் வேண்டாமா?

இக்குறை கல்வி அமைப்பாளர் கண்ணிலும் பட்டதே. இந்தியாவில் 2019இல் புகுத்தப்பட்ட எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியோடு உரையாடும் திறம் ஒரு பயிற்சியாயிற்று. தொடக்க வகுப்புகளில் அவ்வவ்விடத்து மொழியறிவிற்கும் இடம் தரப்பட்டது. வேற்று மாநிலத்தார்க்கு அது பெரிதும் பயன்படும். தமிழ்நாட்டிற் பிறந்த மாணவனோ தனக்குத் தமிழ் தெரியுமென்றே எண்ணிக்கொள்கின்றான்.

செவிலியர் பட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டிலிருக்கும் என் தமக்கையார் நோயாளிகள் வாய்ப்பிறக்கும் இத்தகைய சொற்களைத் தம் குறிப்பேட்டின் கடைப்பக்கங்களில் எழுதி வருகின்றார். சொல், சொன்னவர் ஊர், ஆராய்ந்தபின் கண்ட நோய் என மூன்று பத்திகள். சென்ற விடுமுறையில் வீடு வந்தபொழுது அவற்றுட் சிலவற்றை என்னிடம் காட்டிப் பொருள் வினவினார். அகராதியில் தேடினோம், பாதிக்குமேல் அகப்படவில்லை.