இயந்திரத்திடம் வீட்டுச் சாவி: இழப்பு நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு?

புது தில்லி: நாடாளுமன்ற இணையதளத்துக்கான தமது பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தொழிலதிபர் ஒருவரிடம் கொடுத்தார் என்பது, திரிணமூல் காங்கிரஸ் உறுப்பினர் மஹுவா மொய்த்ரா 2023 டிசம்பர் 8-ஆம் தேதி மக்களவையிலிருந்து நீக்கப்பட்டதற்குக் கூறப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று. கேள்வி கேட்கப் பணம் பெற்றதாகக் கூறப்பட்டதை அவர் திட்டவட்டமாக மறுத்தார். கடவுச்சொல்லைப் பகிர்ந்ததை மறுக்கவில்லை. அதைத் தடை செய்யும் விதி எதுவும் இல்லை என்பதே அவரது வாதம். 2024 தேர்தலில் கிருஷ்ணாநகர் வாக்காளர்கள் அவரையே மீண்டும் மக்களவைக்கு அனுப்பினர்.

அந்த நடவடிக்கை சரியா என்பதில் கட்சிகளுக்கிடையே கருத்து வேறுபாடு நீடிக்கலாம். ஆனால் அவ்விவகாரம் எழுப்பிய அடிப்படைக் கேள்வி கட்சிகளைக் கடந்தது. ஒருவர் பெயரில் மற்றொருவர் கணக்கினுள் நுழைந்தால் பொறுப்பு யாருடையது? அந்த "மற்றொருவர்" இப்போது மனிதராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. செயற்கை நுண்ணறிவு முகவர்கள் எனப்படும் மென்பொருள்கள், பயனரின் சார்பில் இணையதளங்களைத் திறந்து, படிவங்களை நிரப்பி, பொருள் வாங்கி, கட்டணம் செலுத்தும் நிலையை 2025-ஆம் ஆண்டிலேயே எட்டிவிட்டன. அதற்கு அவை பயனரின் கணக்குக்குள் நுழைந்தாக வேண்டும்.

புத்தலப்பட்டு காட்டும் பாடம்

இது பெருநகரங்களின் பிரச்னை மட்டுமல்ல. ஆந்திரத்தில் சித்தூர் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும் தனித் தொகுதியான புத்தலப்பட்டில், மா விவசாயமே பலருக்கு வாழ்வாதாரம். காணிப்பாக்கம் விநாயகர் கோயிலும் இத்தொகுதியில்தான் உள்ளது. இத்தகைய ஊர்களில் அரசின் இணையச் சேவையை மக்கள் பெரும்பாலும் பிறர் கை வழியாகவே பெற்று வந்துள்ளனர்.

2011 நவம்பரில் "மீ சேவா" மையங்கள் தொடங்கப்பட்டபோது அதன் தொடக்கக் களமாக இருந்தது சித்தூர் மாவட்டமே. சான்றிதழுக்கு விண்ணப்பிப்பவர் ஆவணங்களைக் கொடுப்பார்; கணினியை இயக்குபவர் வேறொருவர். 2019 ஆகஸ்டில் அன்றைய ஜெகன்மோகன் ரெட்டி அரசு, 50 குடும்பங்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் தன்னார்வலர்களை நியமித்தது. ஓய்வூதியம் வீடு தேடி வந்தது. கூடவே குடும்பத்தின் விவரங்களும் தன்னார்வலர் கையில் சேர்ந்தன. அவ்விவரங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதாக 2023 ஜூலையில் பவன் கல்யாண் குற்றம்சாட்டினார். அன்றைய ஆளுங்கட்சி அதைக் கடுமையாக மறுத்தது. 2024 தேர்தல் நேரத்தில், ஓய்வூதியப் பணம் வழங்கும் பணியிலிருந்து தன்னார்வலர்களைத் தேர்தல் ஆணையம் விலக்கி வைத்தது.

ஆட்சி மாறிய பின், 2025 ஜனவரி 30-ஆம் தேதி "மன மித்ரா" என்ற வாட்ஸ்ஆப் வழிச் சேவையைச் சந்திரபாபு நாயுடு அரசு தொடங்கியது. முதற்கட்டத்தில் 161 சேவைகள் அதில் இடம்பெற்றன. மையத்திலிருந்த ஊழியர், வாசலுக்கு வந்த தன்னார்வலர், கைப்பேசியில் பதிலளிக்கும் மென்பொருள் என இடைநிலை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தாமே கணக்கில் நுழையத் தெரியாத குடிமகனின் நிலைமட்டும் மாறவில்லை. தெலுங்கிலோ தமிழிலோ வாய்மொழியாகச் சொன்னால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கூறும் முகவர் மென்பொருள் அவருக்கு உண்மையிலேயே பேருதவியாக இருக்கும். ஆகவே அதை வேண்டாம் என ஒதுக்குவது தீர்வாகாது.

கடவுச்சொல்லும் அனுமதிச் சீட்டும்

ஆபத்து எங்கே இருக்கிறது? கடவுச்சொல்லை அப்படியே மென்பொருளிடம் கொடுப்பது, வீட்டின் எல்லா அறைகளுக்குமான சாவியைக் கொடுப்பதற்குச் சமம். மின் கட்டணம் செலுத்தச் சொன்ன முகவர், அதே சாவியால் முகவரியையும் மாற்றலாம், கணக்கையும் மூடலாம். மேலும், இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து எழுதப்பட்ட வாசகங்களை, தன் எஜமானரின் கட்டளை என இம்மென்பொருள் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். 2025 ஆகஸ்டில் பிரேவ் நிறுவன ஆய்வாளர்கள், பெர்ப்ளெக்சிட்டி நிறுவனத்தின் காமெட் உலாவியில் இத்தகைய பலவீனத்தைச் செய்முறையில் காட்டினர். பயனரின் மின்னஞ்சலுக்கு வந்த ஒருமுறைக் கடவு எண்ணையே அதன் வழியாக வெளியே எடுக்க முடிந்தது.

தொழில்நுட்பத்தில் மாற்று வழிகள் உள்ளன. கடவுச்சொல்லுக்குப் பதிலாக, குறிப்பிட்ட பணிக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் மின்னணு அனுமதிச் சீட்டை வழங்கும் "ஓஆத்" முறை உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. வேண்டாதபோது சீட்டை மட்டும் ரத்து செய்தால் போதும். கடவுச்சொல் பத்திரமாக இருக்கும். கடவுச்சொல் பெட்டகம் ஒன்று, உரியவர் கைரேகை வைத்து ஒப்புதல் அளித்த பின், முகவரின் கண்ணில் படாமலேயே நேரடியாக இணையதளத்தில் அதை நிரப்பும் முறையும் வந்துள்ளது.

நம் நாட்டிலேயே நல்ல முன்னுதாரணம் உண்டு. 2024 ஆகஸ்டில் தேசிய கொடுப்பனவுக் கழகம் அறிமுகப்படுத்திய "யுபிஐ சர்க்கிள்" முறையில், கணக்கு வைத்திருப்பவர் தமது ரகசிய எண்ணைச் சொல்லாமலேயே அதிகபட்சம் ஐந்து பேருக்குச் செலவிடும் அதிகாரம் அளிக்கலாம். முழு அதிகாரம் என்றால் மாதம் ரூ. 15,000, ஒருமுறைக்கு ரூ. 5,000 என உச்சவரம்பு உண்டு. பகுதி அதிகாரம் என்றால் ஒவ்வொரு செலவுக்கும் உரியவர் தமது ரகசிய எண்ணை இட்டு ஒப்புதல் தர வேண்டும். குடும்பத்தாருக்காக உருவான இம்முறையை அடிப்படையாகக் கொண்டே, செயற்கை நுண்ணறிவு வழிக் கொடுப்பனவுக்கான சோதனை முயற்சியை 2025 அக்டோபரில் கொடுப்பனவுக் கழகமும், ரேசர்பே, ஓபன்ஏஐ நிறுவனங்களும் அறிவித்தன.

முகவரா, மோசடியா?

ஆனால் இணையதளங்களின் பார்வை வேறு. தட்கல் முன்பதிவு தொடங்கிய முதல் ஐந்து நிமிடங்களில் நடைபெறும் நுழைவு முயற்சிகளில் 50 சதவீதம் வரை தானியங்கி மென்பொருள்களுடையவை என்று ரயில்வே அமைச்சகம் 2025 ஜூனில் தெரிவித்தது. 2.5 கோடி பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன. ஜூலை 1 முதல் தட்கல் பதிவுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது. இணையவழிப் பயணச்சீட்டு விற்பனை மோசடிக்கும் ரயில்வே சட்டத்தின் 143-ஆவது பிரிவு பொருந்தும் என 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இடைத்தரகரின் மென்பொருளையும், கணினி அறியாத முதியவருக்காக ஒரே ஒரு சீட்டு எடுக்க முயலும் மென்பொருளையும் இணையதளம் எப்படிப் பிரித்தறியும்? திருமலை தரிசன அனுமதிச் சீட்டு முதல் தேர்வு விண்ணப்பம் வரை இக்கேள்வி எழும்.

அமெரிக்காவில் இது நீதிமன்றம் ஏறிவிட்டது. காமெட் உலாவி, தன்னை முகவர் என வெளிப்படுத்தாமல் வாடிக்கையாளர் கணக்குகளில் நுழைகிறது எனக் கூறி, 2025 நவம்பரில் அமேசான் வழக்குத் தொடுத்தது. பயனருக்கு உள்ள உரிமை அவரது முகவருக்கும் உண்டு என்பது பெர்ப்ளெக்சிட்டியின் நிலை.

சட்டம் சொல்வது என்ன?

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 182-ஆவது பிரிவு முகவரை "நபர்" என்றே வரையறுக்கிறது. மென்பொருள் நபர் அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 11-ஆவது பிரிவோ, ஒருவராலோ அவர் சார்பிலோ தானாக இயங்குமாறு அமைக்கப்பட்ட கணினி அனுப்பிய பதிவு, அவரே அனுப்பியதாகக் கொள்ளப்படும் என்கிறது. ஒரு வாக்கியத்தில் கட்டளையிட்டவர் அக்கணினியை "அமைத்தவர்" ஆவாரா? மறைமுக வாசகத்தால் அது திசைதிருப்பப்பட்டால் அப்போதும் அது அவர் செயலா? கால் நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட பிரிவில் இதற்கு நேரடி விடை இல்லை.

சாதாரண மக்களுக்கு உடனடிக் கவலை வேறு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தமது ரகசிய விவரங்களைப் பகிர்ந்ததால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குப் புகார் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவரையே சாரும். தனியாள் ஏமாற்றிப் பறித்தாலும், நிறுவனம் விற்ற மென்பொருள் தவறிழைத்தாலும், "நீதானே கடவுச்சொல்லைக் கொடுத்தாய்" என்ற ஒரே பதிலை அவர் கேட்க நேரலாம். மாம்பழம் விற்ற பணம் முழுவதையும் ஒரே கணக்கில் வைத்திருக்கும் புத்தலப்பட்டு விவசாயிக்கு அப்பதில் ஓராண்டு உழைப்பின் இழப்பு.

எனவே நாடாளுமன்றமும் ரிசர்வ் வங்கியும் தெளிவுபடுத்த வேண்டியவை சில உண்டு. கடவுச்சொல்லைக் கேட்காமல், வரம்புக்குட்பட்ட அனுமதியின் பேரில் மட்டுமே முகவர் மென்பொருள் இயங்க வேண்டும். தான் மென்பொருள் என்பதையும் யாருக்காக வந்திருக்கிறது என்பதையும் அது இணையதளத்துக்கு அறிவிக்க வேண்டும். அவ்வாறு வருவதை ஏற்க அரசு இணையதளங்கள் தனி வாயில் அமைக்க வேண்டும். பணம் செலுத்துமுன் உரியவரின் ஒப்புதல் கட்டாயமாக வேண்டும். இவற்றையெல்லாம் கடைப்பிடித்த பின்னரும் மென்பொருள் தவறினால், இழப்பை அதை அளித்த நிறுவனம் ஏற்க வேண்டும்.

விதி இல்லை என்ற வாதம் ஒரு மக்களவை உறுப்பினரின் பதவியைக் காப்பாற்றவில்லை. வாதாட வழக்கறிஞரும் இல்லாத குடிமகனை அது எவ்வாறு காப்பாற்றும்?