போருக்குப் பின் ஆங்கில வகுப்பறை: இலங்கையில் சமூக நீதிக் கல்வியின் இடம்

முன்னுரை

இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் முடிவுற்றது. அவ்வாண்டு ‘ஆங்கிலம் மற்றும் தகவல் தொழில்நுட்ப ஆண்டு’ என அரசால் அறிவிக்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்தை வாழ்க்கைத் திறனாகக் கற்பிக்கும் திட்டமும் அக்காலத்திலேயே தொடங்கிற்று. பிளவுண்ட சமூகங்களை இணைக்கும் பாலம் என ஆங்கிலம் முன்வைக்கப்பட்டது. அப்பாலம் யாவருக்கும் ஒரே அளவில் திறந்துள்ளதா, ஆங்கில வகுப்பு நீதியுணர்வை வளர்க்கும் களமாக இயலுமா என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

இணைப்பு மொழியின் சுமை

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. இனமுரண் கூர்மையடைந்ததற்கு இச்சட்டம் ஒரு முதன்மைக் காரணம். 1987இல் நிறைவேறிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி எனவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழி எனவும் வரையறுத்தது. தமிழர், சிங்களவர் எவருக்கும் உரியதன்று என்பதால் ஆங்கிலம் நடுநிலையானது என்னும் கருத்து இவ்வரையறைக்கு வலுச்சேர்த்தது.

எனினும், அந்நடுநிலை இனம் பற்றியதே, வர்க்கம் பற்றியதன்று. சிங்களப் பேச்சுவழக்கில் ஆங்கிலத்தை ‘கடுவ’, அதாவது வாள், என்பர். அறிந்தவர் கையில் அறியாதவரை வெட்டும் கருவி என்பது அதன் உட்பொருள். கொழும்பின் வசதிபடைத்த பாடசாலை மாணவருக்கும், போரினால் பன்முறை இடம்பெயர்ந்த வன்னி மாணவருக்கும் க.பொ.த. சாதாரணதர ஆங்கில வினாத்தாள் ஒன்றே. ஆகவே வகுப்பில் நீதியைப் பேசுமுன், ஆங்கிலக் கல்வியின் பங்கீட்டிலேயே நீதி உண்டா என வினவுதல் வேண்டும்.

பாடநூலின் ஓரங்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999இல் வெளியான தம் நூலில் போர்க்கால வகுப்பறையை விரிவாகப் பதிவு செய்துள்ளார். அங்குப் பயன்பட்ட அமெரிக்கப் பாடநூலின் உலகம் மாணவரின் வாழ்வுக்கு முற்றிலும் அந்நியமானது. மாணவர் வகுப்பில் வெளிப்படையாக எதிர்க்கவில்லை. நூலின் ஓரங்களில் குறிப்புகளும் சித்திரங்களும் வரைந்தனர். தமிழ்த் திரைப்படமும் விடுதலைப் போராட்டமும் அவற்றில் இடம்பெற்றன. பாடம் விலக்கிய வாழ்வை மாணவர் ஓரத்தில் எழுதிக்கொண்டனர் எனலாம். சமூக நீதிக் கல்வி என்பது அவ்வோரத்தில் உள்ளதைப் பாடத்தின் நடுவுக்குக் கொணர்வதாகும்.

இலக்கணமும் பொறுப்பும்

இதற்கெனத் தனிப் பாடவேளை தேவையில்லை. வழக்கமான இலக்கணப் பாடமே போதுமானது. சான்றாகச் செய்வினை, செயப்பாட்டுவினைப் பாடத்தைக் கொள்ளலாம். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொதுநூலகம் அழிந்தது. ‘நூலகம் எரிந்தது’, ‘நூலகம் எரிக்கப்பட்டது’, ‘நூலகத்தை எரித்தனர்’ என்னும் மூன்று தொடர்களையும் மாணவர் ஆங்கிலத்தில் அமைக்கட்டும். முதல் தொடர் நிகழ்ச்சியை விபத்துப்போலக் காட்டும், இரண்டாவது செயலைக் கூறி வினைமுதலை மறைக்கும், மூன்றாவது ‘எவர்?’ என வினவத் தூண்டும்.

இப்பயிற்சி ஒரு சமூகத்தின் இழப்போடு நின்றுவிடின் அது நீதிக்கல்வி ஆகாது. 1990 அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். இதனை ‘முஸ்லிம்கள் இடம்பெயர்ந்தனர்’ என எழுதுவதும் வினைமுதலை மறைப்பதேயாகும். பிறர் செய்த கொடுமையைச் செய்வினையிலும் தம்மவர் செய்ததைச் செயப்பாட்டுவினையிலும் கூறும் பழக்கத்தை மாணவர் தாமே கண்டறிவதே இப்பாடத்தின் உயரிய பயன்.

எல்லைகள்

இம்முறைக்கு மூன்று எல்லைகள் உள்ளன. முதலாவது, துயரைக் கூறுமாறு எம்மாணவரையும் வற்புறுத்தலாகாது. உறவினரை இழந்த பிள்ளைக்குத் ‘தன் அனுபவம்’ பற்றிய கட்டுரை தண்டனையாகிவிடும். எனவே மௌனமாயிருக்கும் உரிமையையும், வேறு தலைப்பைத் தெரிவு செய்யும் வாய்ப்பையும் ஆசிரியர் முன்கூட்டியே அளித்தல் வேண்டும். இரண்டாவது, பெரும்பாலான பாடசாலைகள் பயிற்றுமொழி அடிப்படையில் பிரிந்துள்ளமையால், ஒரே சமூகத்தவரே ஒரு வகுப்பில் அமர்கின்றனர். மறுதரப்பார் இல்லாத வகுப்பில் ஒருதலைச் சார்பு எளிதில் வேரூன்றும். இங்குதான் ஆங்கிலம் மெய்யாகவே உதவக்கூடும்: ஒரே நிகழ்ச்சி குறித்து இரு சமூகத்து மாணவரும் ஆங்கிலத்தில் எழுதியவற்றைப் பாடசாலைகள் பரிமாறிக்கொள்ளலாம். மூன்றாவது, ஆசிரியரின் பாதுகாப்பு. அரசியல் கண்காணிப்பு நிலவும் சூழலில் ‘எவர்?’ என்னும் வினாவுக்கும் விலையுண்டு. அத்தகைய இடங்களில் வேறு நாட்டுச் செய்தியொன்றைக் கொண்டும் இப்பயிற்சியை நிகழ்த்தலாம். வாசிக்கும் பழக்கம் கைவந்தபின் மாணவர் அதனைத் தம் சூழலுக்குத் தாமே பொருத்துவர்.

முடிவுரை

காவல் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு அளிக்க இயலாத ஒருவருக்கு ஆங்கிலம் கற்பித்தல், அவருக்குச் சட்டம் வழங்கிய மொழியுரிமைக்கு ஈடாகாது. இணைப்பு மொழி தமிழ், சிங்கள உரிமைகளுக்கு மாற்றன்று, அவற்றுக்குத் துணையே. இவ்வரம்பை உணர்ந்து, வினைமுதலைத் தேடும் வாசிப்பையும் தம்மவர் செயலையும் அதே அளவுகோலால் அளக்கும் நேர்மையையும் பயிற்றுவிக்குமாயின், ஆங்கில வகுப்பு அமைதியை வேரூன்றச் செய்யும் பணியில் தன் பங்கை ஆற்றும்.