உங்களுக்குத் தெரியுமா? காற்றுக்குக் கணக்கு எழுதும் பல்கலைக்கழகம்

● சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2024 முதல் இளங்கலையில் சேருகிற புது மாணவர் யாராக இருந்தாலும், காலநிலை மாற்றம் பற்றி ஒரு பாடமாவது படித்தாக வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் கிடையாது. நாடகம் படிப்பவருக்கும் அதே விதி, கணினி படிப்பவருக்கும் அதே விதி.

● இதற்காகத் தனித் தாளோ தனிப் பாடநூலோ போடவில்லை. ஏதாவது ஒரு துறையின் பாடத்தில் 30 சதவீதமாவது காலநிலை பற்றி இருந்தால் போதும். அறிவியல் அடிப்படை, மனிதர்கள் படும் பாதிப்பு, தணிக்கும் வழி, செய்முறைத் திட்டம் என்ற நான்கில் இரண்டையாவது தொட வேண்டும். அதனால் வானியல் வழியாகவும் வரலாம், பாலின ஆய்வு வழியாகவும் வரலாம், பூர்வகுடிகளின் அறிவு வழியாகவும் வரலாம். 30 சதவீதமெல்லாம் ஒரு அளவா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு இது கெட்டிக்காரத்தனமாகவே படுகிறது. மாணவர் தன் துறையை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. விஷயம் அவரைத் தேடி வருகிறது.

● அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1960-ல். அதன் அங்கமான ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனமோ 1903-லிருந்தே இருக்கிறது. பிள்ளையை விட வயதில் இளையவள் அம்மா!

● ஸ்கிரிப்ஸ் கடல் பாலத்தருகே கடல் நீரின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் 1916 முதல் நாள்தோறும் அளந்து குறித்து வருகிறார்கள். இரண்டு உலகப் போர்களைத் தாண்டிய நோட்டு அது.

● சார்லஸ் கீலிங் ஸ்கிரிப்ஸில் பணியாற்றிய ஒரு வேதியியலாளர். ஹவாய்த் தீவில் மௌனா லோவா எரிமலையின் சரிவில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில், 1958 மார்ச்சில் அவருடைய கருவி ஓடத் தொடங்கியது. காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 313 பங்கு என்று முதல் அளவு வந்தது. 2025 மே மாதச் சராசரி 430-ஐத் தாண்டிவிட்டது.

கருவி ஒரு பக்கம் ஓட, உள்ளே காற்றே இல்லாத ஐந்து லிட்டர் கண்ணாடிக் குடுவைகளிலும் மாதிரி பிடிப்பார்கள். இதற்கு ஒரு முறை உண்டு. பிடிப்பவர் காற்று வீசும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் குடுவையின் திருகைத் திறக்க வேண்டும். நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு வெளிக்காற்றில் உள்ளதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. ஒரு பெருமூச்சு விட்டால் அன்றைய மாதிரி பாழ்.

இந்த அளவுகளில் கீலிங் இன்னொன்றையும் கண்டார். ஆண்டுதோறும் மே மாதத்தில் வாயு உச்சிக்கு ஏறுகிறது, செப்டம்பர், அக்டோபரில் இறங்குகிறது. வட அரைக்கோளத்துக் காடுகள் கோடையில் தழைத்து வாயுவை உள்ளிழுத்து, இலையுதிர்ந்த பின் திருப்பி விடுவதுதான் காரணம். இத்தகைய கணக்குக்கு 1964-ல் பணம் இல்லையென்று சில மாதம் அளவையே நிறுத்திவிட்டார்கள். வரைபடத்தில் அந்த இடைவெளி இன்றும் இருக்கிறது.

● கீலிங்கை ஸ்கிரிப்ஸுக்கு அழைத்து வந்தவர் அதன் இயக்குநர் ரோஜர் ரெவெல். பிற்பாடு ஹார்வர்டுக்குப் போய் அவர் நடத்திய வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவர், பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரான அல் கோர்.

● அடுத்தவர் நம்மவர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965-ல் பொறியியல் முடித்த வீரபத்ரன் ராமநாதனுக்கு முதல் வேலை செகந்திராபாத்தில் குளிர்பதன நிறுவனம் ஒன்றில். ஃப்ரிட்ஜுக்குள் இருக்க வேண்டிய வாயு ஏன் கசிகிறது, எப்படி அடைப்பது என்று பார்ப்பது அவர் பொறுப்பு. வேலை பிடிக்கவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பு, பிறகு அமெரிக்கா. அங்கே போனதற்கு ஒரு காரணம் இம்பாலா கார் மீதிருந்த ஆசை என்று பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார்.

1975-ல் அவர் வெளியிட்ட ஆய்வு பலரைத் திடுக்கிட வைத்தது. வெப்பத்தைப் பிடித்து வைப்பதில், குளோரோஃபுளோரோகார்பனின் ஒரு மூலக்கூறு கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்குச் சமம். செகந்திராபாத்தில் எந்த வாயுவின் கசிவை அடைக்க மல்லுக்கட்டினாரோ, அதே வகை வாயு! பின்னர் ஸ்கிரிப்ஸில் பேராசிரியரானார்.

● அதே ராமநாதன் வாட்டிகனின் அறிவியல் அகாடமியிலும் உறுப்பினர். 2014-ல் போப் பிரான்சிஸிடம் பேச அவருக்குக் கிடைத்தது இரண்டே நிமிடம், அதுவும் வாகனம் நிறுத்துமிடத்தில். மாசில் பெரும்பங்கு உலகின் வசதியான நூறு கோடிப் பேருடையது, அடி வாங்கப்போவதோ ஏழைகளான முந்நூறு கோடிப் பேர் என்று சொல்லி முடித்தார். அடுத்த ஆண்டு அவர் முன்னின்று வெளியிட்ட அறிக்கையில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஐம்பது ஆய்வாளர்கள் சேர்ந்தார்கள். பொருளாதாரம், ஆட்சிமுறை, சமயம் எல்லாம் அதில் உண்டு. அதை ஒட்டி ஒரு பாடமும் பிறந்தது.

● ‘விஞ்ஞானிகளிடையே இன்னும் கருத்தொற்றுமை இல்லையே’ என்ற வாதத்தை எண்ணிப் பார்த்தவர் ஒரு வரலாற்றுப் பேராசிரியை. நவோமி ஒரெஸ்கஸ் சான் டியேகோவில் இருந்தபோது 928 ஆய்வுச் சுருக்கங்களை எடுத்துப் படித்து, 2004-ல் முடிவை வெளியிட்டார். மனிதனால் பூமி சூடாகிறது என்பதை மறுத்தவை: பூஜ்யம்.

● சான் டியேகோ வளாகம் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. ஆனால் அதில் முக்கியப் பங்கு இயற்கை எரிவாயுவில் சுழலும் டர்பைன்களுடையது. ஊருக்கெல்லாம் கரியமில வாயுக் கணக்குச் சொல்லிவிட்டு இதுவா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சூரியத் தகடுகள் வைத்தார்கள், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்து மீத்தேனைக் கணக்கில் கொண்டு எரிபொருள் கலமும் அமைத்தார்கள். டர்பைனை விடுவது மட்டும் அவ்வளவு சுலபமாக இல்லை.

● கட்டாயப் பாடம் என்பதில் இந்தியா முந்திக்கொண்டது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியை வலியுறுத்தியது 1991-ல். பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளங்கலைப் படிப்புக்கும் ஆறு மாதப் பாடத்திட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பாடநூல் எழுதிய ஏரக் பரூச்சா, புனேயில் அறுவை சிகிச்சை நிபுணர்! நாம் தனித் தாளாக வைத்தோம். அதனால்தானோ என்னவோ, தேர்வுக்கு முந்தைய ராத்திரி புரட்டினால் போதும் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

வணிகவியலோ வரலாறோ இயந்திரவியலோ, உங்கள் சொந்தப் பாடத்துக்குள்ளேயே இதைக் கொண்டுவந்து நடத்துகிற ஆசிரியர்கள் நிச்சயம் இருப்பீர்கள். எப்படி நடத்துகிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். இப்பகுதியில் இடம் தருகிறோம்.